காய்ச்சினாலும் போகாத நஞ்சு

"உரத் தொழிற்சாலைக் கழிவைப் பத்தி நமக்கென்னக்கா? செய்யாத்தங்கரையிலே அப்படி ஒண்ணும் இல்லையே!" என்றாள் எங்கள் செங்கத்துத் தோழி ஒருத்தி.

1970-களில் கோவாவில் ஜுவாரி உரத் தொழிற்சாலைக் கழிவு நீர் கடலில் கலந்து, வேல்சாவ் கரையோரம் மீன்கள் கூட்டமாகச் செத்தன. இங்கே ஆலை இல்லைதான். ஆனால் உர ஆலைக் கழிவில் வரும் நைட்ரேட், நம் வயலில் அளவுக்கு மீறிக் கொட்டும் யூரியாவிலிருந்தும் உண்டாகிறது. பயிர் எடுத்தது போக மிச்சம், மழையோடு கிணற்றுக்குள் இறங்கிவிடும். கிணற்றை ஒட்டிய எருக்குழியும் கக்கூஸ் தொட்டியும் இதே வேலையைச் செய்யும்.

நிறமில்லை, வாடையில்லை. துணியில் வடிகட்டினாலும் போகாது. காய்ச்சினால், தண்ணீர் சுண்டச் சுண்ட நைட்ரேட்டின் அளவு கூடத்தான் செய்யும்!

கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். அமெரிக்க டாக்டர் காம்லி 1945-இலேயே இதை எழுதினார். நீலம் தெரிந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் அது குடிநீர் அல்ல. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் உங்கள் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இளம் தாய்மார்களே, தாய்ப்பாலில் இந்தப் பயமே இல்லை. ஆறு மாதம் வரை அது மட்டும் போதும். தனியாகத் தண்ணீர்கூட வேண்டாம்.