இல்லை என்றால் போதுமா?

ஆங்கிலத்தில் ‘ரெஃப்யூட்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் அது படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒரு மந்திரியின் மீது குற்றச்சாட்டு எழுகிறது. “அப்படி எதுவுமே நடக்கவில்லை” என்று ஒரு வரி சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிக்கொள்கிறார். மறுநாள் காலையில் காப்பியும் கையுமாகப் பத்திரிகையைப் பிரித்தால், குற்றச்சாட்டை மந்திரி ‘ரெஃப்யூட்’ செய்துவிட்டார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது!

அப்படி என்ன செய்துவிட்டார் அவர்? இல்லை என்றார், அவ்வளவுதானே? அதற்கு ‘டினை’ என்று வேறொரு சொல் இருக்கிறது. ‘ரெஃப்யூட்’ என்றால், ஆதாரம் காட்டி, வாதம் செய்து, எதிராளி சொன்னது பொய்யென்று நிலைநாட்டுவது. முன்னதற்கு வாய் இருந்தால் போதும். பின்னதற்குச் சரக்கு வேண்டும்.

“மொழி என்றால் மாறத்தான் மாறும், ஐயா! இப்போது அகராதிகளே இரண்டாவது பொருளையும் ஒப்புக்கொள்கின்றனவே” என்று சில நண்பர்கள் என்னோடு மல்லுக்கு நிற்கிறார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள் லத்தீனுக்கே போய்விடுகிறார்கள். மூலச்சொல்லான ‘ரெஃபுத்தாரே’ என்பதற்கு விரட்டியடித்தல், பின்னுக்குத் தள்ளுதல் என்றுதானே பொருள், நிரூபணம் எங்கே வந்தது என்று கேட்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் அது பொய்யென்று காட்டுவதையே குறித்து வந்திருக்கிறது. நானூறு வருஷத்து உடன்படிக்கை அது. தவிரவும், விரட்டியடிப்பதற்குக்கூடக் கையில் ஒரு கம்பாவது வேண்டாமா?

சொற்கள் மாறக் கூடாது என்பது என் கட்சியல்ல. ‘நைஸ்’ என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் அசடு என்று பொருள். இன்று இனிமை என்கிறோம். அதனால் யார் குடியும் முழுகிவிடவில்லை. இங்கே அப்படியா? மறுத்தவனையெல்லாம் நிரூபித்தவன் என்று எழுதும்போது, செய்தி சொல்ல வந்தவர் தம்மையறியாமல் தீர்ப்பே சொல்லிவிடுகிறார். குற்றம் சாட்டியவன் விசாரணை இல்லாமலே பொய்யனாகிவிடுகிறான்.

அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் 1973 நவம்பரில், தாம் மோசடிக்காரர் அல்ல என்று பத்திரிகை ஆசிரியர்களின் கூட்டத்திலேயே சொன்னார். அது மறுப்பு. 1974 ஆகஸ்டில் அவருடைய சொந்த ஒலிநாடாக்களே வாட்டர்கேட் விவகாரத்தில் அவரைக் காட்டிக் கொடுத்தன. பதவியை விட்டு இறங்கினார். இரண்டு சொல்லுக்கும் நடுவே உள்ள தூரம் இதுதான்.

அகராதி தொகுத்த டாக்டர் ஜான்ஸனைப் பாருங்கள். மனத்துக்கு வெளியே ஜடப்பொருள் என்று ஒன்று இல்லை என்ற பிஷப் பெர்க்லியின் சித்தாந்தத்தை யாராலும் ‘ரெஃப்யூட்’ செய்ய முடியாதே என்று 1763-ல் பாஸ்வெல் சொன்னபோது, பக்கத்திலிருந்த பெரிய கல்லை ஓங்கி உதைத்து, இதோ செய்துவிட்டேன் என்றாராம். அது தக்க வாதமல்ல என்று தத்துவக்காரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அந்தக் கிழவர் ஒரு கல்லையாவது உதைத்தார்! நம் பிரமுகர்கள் கால்விரலைக்கூட அசைப்பதில்லை.

தமிழிலும் ‘மறுத்தார்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளுகிறோம். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் அப்படி விட்டுவிடவில்லை. ஏழு வகை மதங்களைச் சொல்லும்போது, மறுத்தலை ஒன்றாகவும், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பிறகு களைவதை வேறொன்றாகவும் பிரித்து வைத்தார். எதிராளியின் கட்சியைக் கேட்காமல் அதைக் களைய முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இனிமேல் யாராவது ஒரு பெரிய மனிதர் எதையாவது ‘ரெஃப்யூட்’ செய்துவிட்டதாகப் படித்தால், அடுத்த வரியில் ஆதாரம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், அவர் இல்லை என்று சொன்னார் என்பதோடு செய்தியை முடித்துக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.