பேயும் அணங்கும் ஒன்றா?

மாந்த வடிவில் தோன்றியும் மாந்தர் அல்லவாய் நிற்கும் உருக்கள் எல்லா நாட்டு மக்கள் உள்ளத்திலும் உண்டு. தமிழில் அவற்றுக்குப் பேய், அணங்கு, சூர், பூதம், பாவை எனப் பெயர்கள் பல. பெயர் பலவாயின், அவற்றிடை வேறுபாடும் பல என்பதே பொருள். ஆயினும், அனைத்தையும் பேய் என்னும் ஒரே கூடையிற் கொட்டி, அதன்மேல் பிசாசு என்னும் வடசொல்லையும் வாலாகக் கட்டும் வழக்கம் படித்தவரிடையேயும் வேரூன்றிவிட்டது.

பழந்தமிழ் நூல்கள் அவ்வாறு கொட்டவில்லை. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாவாறு மனைவி காத்து நிற்றலைத் தொடாக்காஞ்சி எனத் துறையாக்கிற்று தொல்காப்பியம். அப் பேய் புண் நாடி வருவது. திருமுருகாற்றுப்படை காட்டும் சூரரமகளிரோ, மலைச்சோலையில் பூச்சூடிப் பாடி ஆடுவோர். கொல்லிப்பாவை, தலைவியின் எழிலுக்கு உவமையாக வருவது. சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதம், புகார் நகரில் பொய்க்கரி புகல்வோரையும் பிறன்மனை விரும்புவோரையும் புடைத்து உண்பது. புண் நாடும் பேயையும் அறங்காக்கும் பூதத்தையும் ஒன்றென்பார், கள்வனையும் ஊர்க்காவலனையும் ஒன்றென்பாரை ஒப்பர்.

பிறமொழிச் சொல்லால் தமிழ்க் கருத்தை அளப்பதன் தீங்கு, தமிழுக்குத் தொண்டாற்றிய பெரியோரையும் விட்டதில்லை. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியிட்டுத் தமிழின் தனித்தன்மையை உலகறியச் செய்தவர் கால்டுவெல். அவரே 1849-இல் திருநெல்வேலி மக்களைப் பற்றி எழுதிய நூலில், அவர்தம் வழிபாட்டை அலகை வணக்கம் என்றே குறித்தார். சமயப்பணி பற்றிய கண், மொழியறிஞர் கண்ணை மறைத்தது.

அணங்கு என்னும் சொல்லும் இத்தகைய இடர்ப்பாட்டுக்கு ஆளாயிற்று. அமெரிக்க அறிஞர் சியார்சு ஆர்ட்டு 1975-இல் வெளியிட்ட நூலில், அணங்கினை அச்சந்தரும் தூய ஆற்றலாகவும், அது பெண்டிரைச் சிறப்பாகப் பற்றி நிற்பதாகவும் கொண்டார். வி.எசு. இராசம் 1986-இல் எழுதிய கட்டுரையில், அச்சொல்லின் பொருள் பெண்ணாற்றல் என்னும் ஒன்றனுள் குறுக்கப்பட்டுவிட்டது என மறுத்தார். ஒரு சொல் வழங்கும் இடமெல்லாம் தேடி அதன் பொருள் துணிதலே நேரிய முறை.

‘பேயுண்டென நம்புதல் மடமை, அதனை ஆராய்வானேன்?’ எனப் பகுத்தறிவாளர் சிலர் வினவுவர். நம்புதல் வேறு, ஆராய்தல் வேறு. நோயை ஆராயும் மருத்துவன் நோயை வேண்டுவானல்லன். கொலையுண்ட பெண் பழிவாங்க மீண்டும் பெண்ணுருக்கொண்டு வரும் நீலி கதை, குமரி மாவட்டத்தில் இசக்கியின் கதையோடு இணைந்து வில்லுப்பாட்டாக வழங்குகின்றது. அதனைப் பேய்க்கதை எனத் தள்ளுவோர், பெண்ணுக்கு இழைத்த கொடுமையைப் பாமர மக்கள் மறவாது போற்றிய சான்றினையும் உடன் தள்ளுகின்றனர்.

எனவே, தமிழாசிரியரும் மாணவரும் தத்தம் ஊரில் வழங்கும் இவ்வுருக்களின் பெயரையும் கதையையும், சொல்வோர் சொன்ன சொல் மாறாமல், ஊரும் நாளும் குறித்து எழுதி வைத்தல் வேண்டும். பேய் என்றால் பேய் என்றே எழுதுக. முனி என்றால் முனி என்றே எழுதுக. முதியோர் நாவில் உள்ள சொற்கள் அவரோடு மறைந்தபின், எந்த அகரமுதலியும் அவற்றை மீட்டுத் தாராது.