அப்பா என்ன செய்கிறார் என்பதா தகுதி?

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." நேர்காணலின் இந்த முதல் கேள்விக்கு நம் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்புகளில் ஒரு பதிலை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பெயர், சொந்த ஊர், அப்பாவின் தொழில், அம்மா இல்லத்தரசி, கூடப் பிறந்தவர்கள், கடைசியில்தான் படிப்பு. ஆங்கிலத்தில் தடுமாறாமல் ஒப்பிக்கிறார்களா என்பது மட்டுமே பயிற்சியாளரின் கவலை. செங்கல் சூளையில் வேலை செய்யும் அம்மாவும் அந்த ஒப்பித்தலில் இல்லத்தரசி ஆகிவிடுகிறார்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி வேலை இருக்கிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெயருக்குப் பின்னால் வால் இல்லாதவர்கள் என்று நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் பெயரில் கிடைக்காததை ஊரில் தேடுகிறார்கள். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன பண்றார், குலசாமி எது? நான்கே கேள்விகள்.

ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போயிருந்தேன். ஐந்து வருடம் உழைத்து எழுதிய ஆய்வேட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். ஊரைப் பற்றித்தான் மற்றதெல்லாம். தாலுகாவைச் சொன்னேன், கிராமம் எது என்றார்கள். கிராமத்தைச் சொன்னேன், "ஊருக்குள்ளயா, ரோட்டுக்கு அந்தப் பக்கமா?" என்றார் ஒருவர். "காலனி சார்" என்றேன். கோப்பை மூடிவிட்டார்.

பதற்றத்தைப் போக்கத்தான் இப்படிக் கேட்கிறோம் என்பார்கள். பதற்றத்தைப் போக்க, கடைசியாகப் படித்த புத்தகத்தைக் கேளுங்கள், பாடம் நடத்திய அனுபவத்தைக் கேளுங்கள். அப்பாவை ஏன் இழுக்கிறீர்கள்? டெல்லி வட்டாரத்தில் 25 நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பேசி, 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதினார்கள். தகுதி ஒன்றுதான் அளவுகோல் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் நியாயப்படுத்தினார்கள். அதே ஆண்டு, அதே இதழில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் இன்னொன்றைக் காட்டினார்கள்: தகுதி சமமாக இருந்தும், தலித் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவு.

அரசமைப்புச் சட்டத்தின் 16(2)ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு வேலையில் சாதி, வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. தடுக்கப்பட்ட அதே பட்டியல்தான் நேர்காணலின் முதல் மூன்று கேள்வி! தனியார் முதலாளியை அந்தப் பிரிவு தொடுவதே இல்லை.

உயர்கல்வியில் இன்னும் மோசம். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் பணிக்கு நம் மதிப்பெண், நெட், முனைவர் பட்டம், கட்டுரைகள் எல்லாமே நேர்காணலுக்கு அழைக்க மட்டும்தான். தேர்வு முழுக்க நேர்காணலை வைத்தே. இருபது நிமிடம் பேசிவிட்டு, இடஒதுக்கீட்டு இடத்தில் "தகுதியானவர் எவருமில்லை" என்று எழுதிவிட அந்த மேசைக்கு அதிகாரம் இருக்கிறது.

ஆகவே தம்பி, தங்கைகளே, அந்த முதல் கேள்விக்கு உங்கள் வேலையிலிருந்து தொடங்குங்கள். என்ன படித்தேன், எதை ஆராய்ந்தேன், எதைக் கற்பிக்க முடியும், இந்த வேலைக்கு அது எப்படிப் பயன்படும். இரண்டு நிமிடம் போதும். அப்பாவைப் பற்றிக் கேட்டால் "விவசாயக் கூலி" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். "விவசாயம்" என்று மழுப்ப வேண்டாம். சொல்ல விருப்பமில்லையா, "என் ஆய்வைப் பற்றிக் கேளுங்கள் சார்" என்று திருப்புங்கள். வேலை கிடைக்காமல் போகலாம். ஊரைச் சொன்ன பிறகும் எனக்குக் கிடைக்கவில்லையே.

ஆனால் இந்தச் சுமையை இருபத்தி இரண்டு வயதுப் பிள்ளையின் நாக்கில் வைப்பது அநியாயம். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒலிப்பதிவு, ஒவ்வொரு கேள்விக்கும் தனி மதிப்பெண் என்று சட்டம் வர வேண்டும். நேர்காணல் ஒன்றும் கைவைக்க முடியாத சடங்கு அல்ல. ஒன்றிய அரசே 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பணிகளுக்கும் குரூப் பி-யில் கெசட்டட் அல்லாத பணிகளுக்கும் அதை நீக்கிவிட்டது. அதுவரை, உங்கள் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுக்கு ஒரு மனு எழுதுங்கள்: அந்த மாதிரிப் பதிலில் இருந்து அப்பா, அம்மா வரியை எடுங்கள் என்று.