வண்டியா கனம், தெருவா கனம்?

சின்ன வண்டியிலிருந்து புல்லட்டுக்கு மாறுகிறவர்களுக்குக் கிடைக்கிற புத்திமதி எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுதான். பயப்படாதே. முன்சக்கரத்தைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். கிளட்சைப் பாதி பிடித்து மெதுவாக உருட்டிப் பழகு. ரெண்டு காலும் தரையில் பதிகிறதா பார்த்துக்கொள். எல்லாம் சரி. நானும் இப்படித்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். நூறு கிலோ ஸ்கூட்டரிலிருந்து 190 கிலோ புல்லட்டுக்கு மாறுகிற யாருக்கும் முதல் மாதம் வயிற்றில் புளி கரைக்கத்தான் செய்யும். ஆனால் இந்தப் புத்திமதி எதிலும் ஒரு கேள்வி இல்லை: எந்தத் தெருவில் பழகுவது?

யாருக்கு இது ஒரு கேள்வியே இல்லையோ அவர்கள்தான் புத்திமதி எழுதுகிறார்கள்.

கனமான வண்டி வேகமாகப் போகும்போது சாய்வதில்லை. ஐம்பதில் போனால் தானே நிமிர்ந்து நிற்கும். அது சாய்வதெல்லாம் மெதுவாகப் போகும்போதுதான். திருப்பத்தில், கூட்டத்தில், குறுகலான சந்தில். அதாவது ஊருக்குள் போகும்போது. பைபாஸில் எவரும் நம்மை யாரென்று கேட்பதில்லை. ஊர்த்தெருவில்தான் வேகத்தைக் குறைத்தாக வேண்டும், அங்கேதான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கண்கள் வண்டியைப் பார்க்காமல் ஓட்டுகிற ஆளைப் பார்க்கும். வண்டி நடுங்கும் இடமும் நாம் நடுங்கும் இடமும் ஒன்றாக இருப்பது இயற்பியல் மட்டும்தானா தோழர்களே?

சேரிக்காரர்கள் ஊர்த்தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் எழுதாத சட்டமாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள் என்பதன் கூடப்பிறந்த சட்டம். சைக்கிள் இருபது கிலோ. தள்ளிவிடலாம். 190 கிலோவை எங்கே தள்ளுவது? மூச்சு முட்டும். இறங்கு என்றால் நாம் இறங்கிவிடலாம், வண்டியின் சத்தம் இறங்காது. புல்லட் மேல் அவர்களுக்கு இருக்கிற தனி எரிச்சலுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த வண்டிக்குப் பணிந்து போகத் தெரியாது.

இதெல்லாம் பழைய கதை, இப்ப யாரு இப்படியெல்லாம் பாக்குறா என்று வங்கியில் என்னிடம் சொல்கிற படித்தவர்கள் இருக்கிறார்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 3(1)இன் 'இசட்.ஏ.' உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ அணிவதை, கல்யாண ஊர்வலம் போவதை, அதில் குதிரையோ வேறு வாகனமோ ஏறுவதைத் தடுத்தால் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி நாடாளுமன்றம் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு எவனாவது சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்று சொல் போட்டு எழுதுவானா?

நமக்குப் பக்கத்து மாவட்டம் சிவகங்கை. 2025 பிப்ரவரியில் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், கல்லூரியிலிருந்து புல்லட்டில் வீடு திரும்பிய தலித் மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மூன்று பேர் கைதானார்கள். இடது கை கிளட்ச், வலது கை ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும். எதை வெட்ட வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. மிரட்டல் அந்த ஒருவருக்கு மட்டுமா? பக்கத்து ஊர்ச் சேரிகளில் ஷோரூமுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும்தான்.

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். ஐரோப்பாவில் இளம் வயதில் புதிதாக ஓட்டுகிறவருக்கு எடுத்த எடுப்பில் பெரிய வண்டி கிடையாது. முதலில் 125 சிசி உரிமம், பிறகு நடுத்தரம், அதற்கப்புறம் பெரியது என்று படிப்படியாகத் தருகிறார்கள். இந்தியாவில் அந்தப் படி இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் நூறு சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டினால் போதும், அதே உரிமத்தில் 650 சிசியும் ஓட்டலாம். காகிதத்தில் இவ்வளவு தாராளமான நாடு! படிக்கட்டை ஊர் வைத்திருக்கிறது. உனக்கு சைக்கிள் வரைக்கும், உனக்கு எக்ஸெல் வரைக்கும், அவனுக்கு ஸ்ப்ளெண்டர் வரைக்கும் என்று. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதற்கு சிசி கணக்கில் ஒரு பதவுரை.

அம்பேத்கரே வண்டி விஷயத்தில் பட்டவர். 1901இல் சிறுவனாக மசூர் ஸ்டேஷனில் இறங்கியபோது, இரட்டைக் கூலிக்கு ஒத்துக்கொண்ட வண்டிக்காரர் வண்டியை ஓட்ட மாட்டேன் என்றார். பிள்ளைகளே மாட்டை ஓட்டினார்கள், அவர் கூடவே நடந்து வந்தார். 1929இல் சாலிஸ்காவ்ன் நடந்ததை இதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும். பாரிஸ்டர் அம்பேத்கரை ஏற்றி ஓட்ட டாங்காக்காரர் யாரும் தயாரில்லை. டாங்காவை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத மகர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி கவிழ்ந்தது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். கடிவாளத்தைத் தொடவிடாமல் வைத்திருந்துவிட்டு, தொட்ட அன்றைக்குக் கவிழ்ந்தால் 'இவனுகளுக்கு ஓட்டத் தெரியாது' என்பது. இந்த வாக்கியத்தை இன்றைக்கும் கேட்கிறோம். வண்டியில் மட்டுமில்லை, ஆபீஸில், காலேஜில், கோட்டாவில் வந்தவங்க என்கிற முணுமுணுப்பில்.

இந்த மாவட்டத்துக்கு வண்டி பழகுவது பற்றி ஒரு பெருமை உண்டு. 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகளைக் கடன் கொடுக்க வைத்தார். 1992 மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் மணியடித்துக்கொண்டு போனார்கள். கல் உடைத்த பெண்கள், கூலி வேலை செய்த பெண்கள். லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள், பார் கம்பியில் பிள்ளையை வைக்கலாம் என்று. அந்தக் கம்பியில் உட்கார்ந்து வந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அம்மா கண்மாய்ப் பொட்டலில் பழகினாள். சந்தைக்கும் கண்மாய்க் கரை வழியாகத்தான் போனாள், சுற்றுவழி, ஊர்த்தெரு வழியாக இல்லை. அந்த இயக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது இல்லையென்றால் இன்றைக்கு நான் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் பழகியவர்களை எண்ணுவது சுலபம். எந்தத் தெரு வழியாகப் போனார்கள் என்று எண்ணத் தொடங்கினால் கதை வேறு. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்த மாவட்டமும் இதுதான்.

நம்முடைய ஆட்களோடும் ஒரு வழக்கு இருக்கிறது. 'தோழர், நிலம் கேட்க வேண்டிய நேரத்தில் புல்லட் என்ன புல்லட்? நுகர்வுக் கலாச்சாரம்.' ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவர் வந்தது காரில். பஞ்சமி நிலம் வேண்டும், அதில் ஒரு செண்ட்டைக்கூட விடக்கூடாது, சரி. நிலம் வந்த பிறகு அந்த நிலத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போவோம்? இன்னொரு தரப்பு, இரவில் பிரசவத்துக்குக் கூட்டிப்போக உதவும், வேலைக்குப் போக உதவும் என்று நமக்காக வாதாடுகிறது. அந்த வாதமும் எனக்கு வேண்டாம். உபயோகம் பார்த்தால் ஸ்ப்ளெண்டர்தான் நல்ல வண்டி, பெட்ரோல் பாதிதான் குடிக்கும். மைனர் வாங்கினால் ஆசை, நாம் வாங்கினால் மட்டும் ஏன் காரணம் சொல்ல வேண்டும்? பட்டாளத்துக்காரரும் போலீஸும் பண்ணையாரும் ஏறி நம்மை மிரட்டிய வண்டி அது. 1950களிலிருந்து திருவொற்றியூரில் உழைக்கிற கைகள் பூட்டிய வண்டியும் அதுதான். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது. போதும்.

'உங்களுக்கு எதுக்கு மேடம் த்ரீ ஃபிஃப்டி, ஸ்கூட்டி போதாதா' என்று கேட்கிறவர்கள் சாதியைக் கேட்கிறார்களா, பொம்பளை என்பதைக் கேட்கிறார்களா என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. ரெண்டும் ஒரே வாயிலிருந்து வருகிறது. கடன் கேட்டு வரும் நம் பையன்களின் மனுவைப் பார்த்துச் சம்பளச் சீட்டைத் தாண்டிச் சிரிக்கிறவர்களும் இந்த ரகம்தான்.

தனியாகப் பழகாதீர்கள். விழுந்த புல்லட்டை ஒற்றை ஆள் தூக்கலாம், முதுகை சீட்டில் கொடுத்து, ஹேண்டிலைத் திருப்பிப் பிடித்து, காலால் உந்தி. ஆனால் தெருவில் மறிக்கிறவனை ஒற்றை ஆள் சமாளிக்கக் கூடாது. நாலு வண்டியாகப் போங்கள். மறித்தால் தேதி, நேரம், இடம், சாட்சி எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் வெறும் தகராறு என்று எழுதப் பார்ப்பார்கள். 'இசட்.ஏ.' என்று உட்பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். புகாரில் மோட்டார் சைக்கிள் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் கண்மாய்ப் பொட்டலில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூன்று பெண்கள் பழகுகிறோம், அதில் ஒருத்திக்கு இன்னும் நியூட்ரல் பிடிபடவில்லை. வருகிறவர்கள் எல்.எல்.ஆரும் ஹெல்மெட்டும் கொண்டு வரவும். வரும்போது ஊர்த்தெரு வழியாகவே வரவும்.