தேர் இங்கே, திருநாள் எங்கே?

தேர் நிலையில் நிற்கிறது. வடம் இருக்கிறது, இழுக்க ஆளும் இருக்கிறது. திருவிழா நாளை மட்டும் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் விலைக்கு வாங்கி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துப்போய்விட்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில், நார்த் வில்க்ஸ்போரோ என்ற மலையடிவார ஊருக்கு 1996-இல் நேர்ந்தது இதுதான்.

நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். சுற்றியுள்ள வில்க்ஸ் கவுன்ட்டி ஒருகாலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போனது. போலீஸ் துரத்த, இருட்டில் மலைச்சாலையில் சரக்கு வண்டியைப் பறக்கவிட்டவர்களில் சிலர்தான் பிறகு ஸ்டாக் கார் பந்தய வீரர்கள் ஆனார்கள். சாராய வழக்கில் சிறைக்குப் போய்வந்து, பந்தயத்தில் பெரும்புகழ் பெற்ற ஜூனியர் ஜான்சன் இந்த மண்ணின் பிள்ளை.

இங்கே 1947-இல் ஈனோக் ஸ்டேலி என்பவர் பந்தயத் தளம் திறந்தார். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நிலத்தைச் சமப்படுத்தக் கையில் காசில்லை என்று சொல்வார்கள். அதனால் பார்வையாளர் மேடைக்கு முன்னால் பாதை இறக்கம், எதிர்ப்பக்கம் ஏற்றம். இறக்கத்தில் பாய்ந்து வரும் காரைத் திருப்பத்துக்குள் அடக்கி, மறுபக்க மேட்டில் அதே வேகத்தை எஞ்சினிடம் கறந்தாக வேண்டும். ஜெயித்தவரின் காரை உள்வட்டத்துக் கட்டிடத்தின் மொட்டைமாடிக்கு லிஃப்ட் ஏற்றும், வெற்றிமேடை அங்கேதான். ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்காரின் இன்றைய முதன்மைத் தொடர் 1949-இல் தொடங்கியபோது, அந்த ஆண்டின் கடைசிப் போட்டி நடந்தது இந்தச் சரிவான தளத்தில்.

ஸ்டேலி 1995-இல் இறந்தார். வேறு ஊர்களில் தளம் வைத்திருந்த புரூட்டன் ஸ்மித் ஒரு பாதியையும் பாப் பாரே மறுபாதியையும் வாங்கினார்கள். தளத்தின் மேல் யாருக்கும் ஆசையில்லை. நாஸ்கார் அட்டவணையில் அந்த ஊருக்கு இருந்த இரண்டு தேதிகளுக்குத்தான் அந்த விலை. 1996 செப்டம்பர் 29-இல் ஜெஃப் கார்டன் கடைசிப் போட்டியை ஜெயித்தார். மறுவருடம் ஒரு தேதி ஸ்மித்தின் டெக்சஸ் தளத்துக்கும், இன்னொன்று பாரேயின் நியூ ஹாம்ப்ஷயர் தளத்துக்கும் போனது.

ஒரு தேதிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? நாஸ்கார் என்பது பிரான்ஸ் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்களின் சொந்த நிறுவனம். எந்த ஊருக்கு எந்த ஞாயிறு என்று அதுதான் முடிவுசெய்யும். டிக்கெட், தீனி, பார்க்கிங் வசூல் தள உரிமையாளருக்கு. அதைவிடப் பெரியது தொலைக்காட்சிப் பணம்: பல ஆண்டுகளாக அதில் 65 சதவீதம் தளங்களுக்கே போனது. இருக்கைகள் காலியாகக் கிடந்தாலும் அந்தப் பணம் வந்துவிடும். ஊருக்கு மிஞ்சுவது போக்குவரத்து நெரிசலும் குப்பையும், வயலை முகாமுக்கு வாடகைக்கு விட்டவர்களின் நாலு காசும். பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் அதே மாநிலத்தின் சார்லட் நகரச் சுற்றுவட்டாரத்தில் இருப்பதால், பலர் ராத்திரியே வீடு திரும்பிவிடலாம். உள்ளூர் விடுதிக்காரருக்கு அந்த வருமானமும் சந்தேகம்தான்.

ஆனாலும் ஊர் மறக்கவில்லை. புல் மண்டிக் கிடந்த தளத்தை 2019-இல் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஆட்களைத் திரட்டிச் சுத்தம் செய்தார். கணினிப் பந்தய விளையாட்டுக்காகத் தளத்தை லேசரில் அளந்து வைப்பதுதான் நோக்கம். நிஜப் பந்தயம் திரும்பும் என்று அப்போது யார் நம்பியிருப்பார்கள்? 2021-இல் மாநில அரசு, கொரோனா நிவாரணமாக மத்திய அரசு தந்த நிதியிலிருந்து தளத்துக்கு 1.8 கோடி டாலர் ஒதுக்கியது. 2023 மே மாதம் நாஸ்கார், பட்டத்துக்கான புள்ளிக் கணக்கில் சேராத ஆல்-ஸ்டார் போட்டியோடு திரும்பியது. கைல் லார்சன் வென்றார். 2026 அட்டவணையில் ஜூலை 19 அன்று புள்ளிகளுக்கான போட்டி, முப்பது ஆண்டுகளில் முதல்முறையாக.

இதில் குறை காண்பது கல்நெஞ்சம் என்று சிலருக்குத் தோன்றலாம். பழைய சாயம் வெளிறிய பலகைகளைக்கூட மாற்றாமல் வைத்திருக்கும் அந்த மேடையில் மீண்டும் கூட்டம் நிறைவதைப் பார்க்க எனக்கும் பிடித்திருக்கிறது. என் சச்சரவு பணம் போன வழியோடு. அந்தப் பணம் போன குழாயும் சாலையும் கழிப்பறையும் 1996-இல் இந்த ஊரைக் காப்பாற்றவில்லை. தனியார் தளத்துக்குப் பொதுப்பணம் கொடுக்கும் அரசு, இத்தனை வருடத்துக்குத் தேதி இங்கேயே இருக்கும், எடுத்துப்போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். உரிமையாளருக்கு அது கசக்கும். கசந்தால், தேதியை இங்கேயே வைத்திருக்க அவருக்கு மனமில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

நார்த் வில்க்ஸ்போரோ புள்ளிப் போட்டிக்கு மாறியதால் இடம் பெயர்ந்த ஆல்-ஸ்டார், 2026-இல் டெலவேரின் டோவருக்குப் போகிறது. 1969 முதல் ஆண்டுதோறும் புள்ளிப் போட்டி கண்ட டோவருக்கு அந்த வருடம் அது கிடையாது. இரண்டு தளங்களும் இப்போது ஸ்மித் குடும்பத்து நிறுவனத்துக்கே சொந்தம்.