குழந்தைகளின் பன்னேர்கட்டா பயணம்: சில கேள்விகள்

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டால் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் முதலில் எழும் பேச்சு பன்னேர்கட்டாதான். லால்பாக்கையும் கப்பன் பூங்காவையும் பலமுறை பார்த்துச் சலித்த பிள்ளைகள், சிங்கத்தையும் புலியையும் கூண்டுக்கு வெளியே பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். மெஜஸ்டிக்கில் 365-ஆம் எண் பஸ் ஏறினால், சுமார் 22 கிலோமீட்டர் தொலைவில் காடு வந்துவிடுகிறது. சொந்த ஊருக்குப் போய்வர லீவும் பணமும் கூடிவராத தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும், காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடக்கூடிய பயணம் இது.

அந்தப் பயணம் பத்திரமானதுதானா என்ற கேள்வியை 2025-ஆம் ஆண்டில் நடந்த இரு சம்பவங்கள் எழுப்பின. ஆகஸ்ட் 15 அன்று சபாரி ஜீப்பில் சென்ற ஒரு சிறுவனின் கையை, ஜன்னல் பக்கமாகத் தாவிய சிறுத்தை கீறிவிட்டது. வாகனங்களின் ஜன்னல்களுக்குக் கம்பி வலை பொருத்துமாறு உத்தரவிடப்பட்டது. ஆனால் மூன்று மாதம் கழித்து, நவம்பரில், சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி சபாரி பஸ்ஸில் அதேபோலக் காயமடைந்தார். இரண்டு சம்பவங்களிலும் உயிருக்கு ஆபத்து நேரவில்லை. பிறகு, குளிர்சாதன வசதி இல்லாத பஸ்களின் ஓட்டம் சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது.

டிக்கெட்டும் பாதுகாப்பும்

இந்தக் கடைசிச் செய்தியை நாம் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். குளிர்சாதன பஸ்ஸில் கண்ணாடி மூடியே இருக்கும். சாதாரண பஸ்ஸிலோ காற்றுக்காக ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும். கம்பி வலையில் இடைவெளி இருந்தால், அங்கே குழந்தையின் விரல் வெளியே போகும். சிறுத்தையின் நகம் உள்ளே வரும். ஆகவே ஆபத்து என்பது பெரும்பாலும் குறைந்த கட்டணப் பயணியைத் தேடி வருவதாக ஆகிவிடுகிறது.

ரயிலில் முதல் வகுப்புப் பயணியும் இரண்டாம் வகுப்புப் பயணியும் ஒரே தண்டவாளத்தில்தான் போகிறார்கள்; ஒரே சிக்னல்தான் இருவரையும் காக்கிறது. மெத்தைக்கும் காற்றுக்கும் கூடுதல் கட்டணம் வாங்கலாம். உயிர்ப் பாதுகாப்புக்கு இரண்டு விலை இருக்கக் கூடாது. சாதாரண பஸ்ஸை நிறுத்துவது அவசர காலத்துக்குச் சரியான நடவடிக்கையே. ஆனால் அதுவே நிரந்தரத் தீர்வாகிவிட்டால், நான்கு பேர் கொண்ட ஒரு தொழிலாளர் குடும்பம் டிக்கெட் ஜன்னலோடு திரும்பி வர நேரிடும். சாதாரண பஸ்ஸையும் விரல் நுழையாத வலையோடு ஓட்டுவதே நியாயமான வழி.

சிறுத்தை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பன்னேர்கட்டாவில் சிங்க, புலி சபாரிகள் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. சிறுத்தை சபாரியோ 2024 ஜூன் மாதம், 20 ஹெக்டேர் பரப்பில் தொடங்கப்பட்டது. சிங்கம் பெரும்பாலும் தரையில் படுத்துக் கிடக்கும். சிறுத்தை மரம் ஏறும் பிராணி. வாகனத்தின் மீது தொற்றி ஏறுவது அதற்குப் பெரிய காரியமல்ல. தினமும் வாகனங்களைப் பார்த்துப் பழகிவிட்ட சிறுத்தைக்கு அவற்றின் மீது பயமும் இராது. சிங்கத்துக்குப் போதுமான ஏற்பாடு சிறுத்தைக்குப் போதாது. சபாரியைத் திறக்கும் முன்பே இதை யோசித்திருக்க வேண்டும்.

சிங்கம் எங்கிருந்து வந்தது?

குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "இந்தச் சிங்கம் இந்தக் காட்டில்தான் பிறந்ததா?" என்பதே. பெற்றோர் பலர் ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மை வேறு. இந்தியாவில் சிங்கம் காட்டு விலங்காகச் சுதந்திரமாக வாழ்வது குஜராத்தில் கிர் காட்டையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் சார்ந்து மட்டுமே. பன்னேர்கட்டா காட்டுக்குச் சிங்கம் விருந்தாளி.

அந்த விருந்தாளி வந்த கதை இன்றைய பெற்றோருக்கு அந்நியமானதல்ல. நம் சிறுவயதில் ஊர் மைதானத்தில் கூடாரம் அடித்த சர்க்கஸில், வளையத்துக்குள் பாய்ந்த சிங்கத்தைக் கைதட்டிப் பார்த்தோம். 1998-இல் மத்திய அரசு, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டுவதற்குத் தடை விதித்தது. சர்க்கஸ் முதலாளிகள் வழக்காடினார்கள். 2001-இல் உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. வேலை இழந்த மிருகங்களை வைத்துக் காப்பாற்ற மீட்பு மையங்கள் அமைந்தன. பன்னேர்கட்டா அவற்றில் ஒன்று. நமது வண்டலூர் மற்றொன்று. சர்க்கஸ் சிங்கங்களில் பல, ஆப்பிரிக்க, ஆசிய இனங்கள் கலந்தவை என்பதால் அவற்றை இனப்பெருக்கம் செய்ய விடவில்லை.

கரடியின் கதையும் இதுவே. மூக்கில் கயிறு கோத்துத் தெருத்தெருவாக ஆட்டிவைக்கப்பட்ட கரடிகளுக்கென்று இங்கே ஒரு மீட்பு மையம் இருக்கிறது. நாட்டின் கடைசி நடனக் கரடி என்று அறிவிக்கப்பட்ட கரடி, 2009 டிசம்பரில் இங்கேதான் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் இருந்தபடி பார்க்கும் மிருகத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு உண்டென்று அறிந்த பிள்ளை, அதைப் பார்த்துக் கூச்சல் போடாது, வேர்க்கடலை வீசாது.

வேலிக்கு அப்பால்

சபாரி நடக்கும் இடம் வேலியிட்ட உயிரியல் பூங்கா. அதை அடுத்து இருப்பது உண்மையான காடு. 1974-இல் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் விலங்குக் காட்சிச் சாலையும் சபாரியும் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டன. இன்று தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். அங்கே யானைகள் யாருடைய அனுமதியும் இன்றி நடமாடுகின்றன. மாநில எல்லை அவற்றுக்குத் தெரியாது. மழைக்காலம் முடிந்து ராகி முற்றும் பருவத்தில் தளி, ஓசூர்ப் பகுதிகளுக்குள் யானைக் கூட்டம் வருகிறது என்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வீட்டு வயலும் அதில் அடிபட்டிருக்கும்.

இந்தக் காட்டைச் சுற்றிக் கல்குவாரியும் மாசு உண்டாக்கும் தொழிற்சாலையும் வராமல் தடுக்கவும், கட்டடங்களைக் கட்டுப்படுத்தவும் ஒரு பாதுகாப்பு வளையம் தேவை என்று, 2016-இல் வெளியான வரைவு அறிவிக்கையில் 268.96 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டது. 2020 மார்ச் மாதம் வந்த இறுதி அறிவிக்கையில் அது 168.84 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. நூறு சதுர கிலோமீட்டர் கைநழுவியது.

இது அதிகாரிகளும் கல்குவாரிக்காரர்களும் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஜிகணி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் தமிழர்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில் 30-க்கு 40 மனை தேடி அலைவது இந்தப் பக்கத்தில்தான். விலை மலிவு என்று தரகர் காட்டும் மனை யானை போகும் வழியில் இருந்தால், நட்டம் யானைக்கு மட்டுமல்ல. இரவில் வீடு திரும்பும் நம் மனிதருக்கும்தான். முன்பணம் கொடுக்கும் முன்பு, அந்த நிலம் பாதுகாப்பு வளையத்துக்குள் வருகிறதா என்று சர்வே எண்ணைச் சொல்லி விசாரித்துக்கொள்வது நல்லது.

பெற்றோர் செய்யக்கூடியது

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை என்பதை நினைவில் வைக்க வேண்டும். உச்சி வெயிலில் மிருகங்கள் நிழலில் தூங்கும். காலை நேரமே ஏற்றது. ஜன்னலோர இடத்துக்குக் குழந்தை அடம் பிடித்தால் கொடுக்கலாம். ஆனால் கை உள்ளேயே இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். செல்போனில் படம் எடுக்கக் கையை வெளியே நீட்டும் பெரியவர்களைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் நீட்டுகிறார்கள். வலை கிழிந்தோ தளர்ந்தோ இருந்தால், பஸ் புறப்படும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லி வேறு வண்டி கேட்க வேண்டும். டிக்கெட் வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு.

நிர்வாகமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். எல்லா வாகனங்களுக்கும் ஒரே தரமான வலை பொருத்தி, சாதாரண பஸ்ஸை எளிய கட்டணத்தில் ஓட்ட வேண்டும். இந்த மிருகங்கள் வந்த கதையைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பலகையில் எழுதி வைத்தால், பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பெற்றோரே பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவார்கள். பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல இது.