கதைக் கடலும் சுருவிற் கிணறும்

விடிய விடிய வாசிக்க வைக்கும் நாவல்களை ஏளனஞ் செய்யும் வழக்கம் எமக்கில்லை. அவ்வாறு எம் உறக்கத்தைக் கெடுத்த நூலொன்றைப் பற்றியே இவ்வாரம் எழுதுகின்றோம்.

அமெரிக்கரான மைக்கேல் கிரைட்டன் எழுதி 2004 டிசம்பரில் வெளிவந்த அந்நவீனத்தின் பெயர் 'ஸ்டேட் ஒவ் பியர்'. அச்சத்தின் ஆட்சி எனலாம். பூமி வெப்பமடைகின்றதென உலகை நம்பவைக்கச் சூழல் காப்போர் சிலர் இயற்கை அனர்த்தங்களைத் தாமே உண்டாக்க முனைகின்றனர் என்பது கதை. அவற்றுள் ஒன்று சுனாமி. அதே மாதம் 26ஆம் திகதி, எவருடைய சதியுமின்றி, நிலநடுக்கத்தால் எழுந்த பேரலையை வாசகர்க்கு நாம் நினைவூட்ட வேண்டுவதில்லை.

கிரைட்டன் வைத்தியம் கற்றவர். கதைக்கு அடிக்குறிப்பும் வரைபடமும் சேர்த்தவர், நூறாண்டில் 0.812436 பாகை வெப்பமே உயரும் என்று கேலியாக ஓர் ஊகமும் வைத்தார். சோதிடரும் இத்துணை துணியார்! இருபதாண்டுகளுக்குள் ஏறக்குறைய அதிற் பாதி ஏறிவிட்டது. 2005இல் அமெரிக்க செனற் சபைக் குழுவொன்று இவரைச் சாட்சியாக அழைத்தது. கதாசிரியர்க்கு இத்தகைய மரியாதை நம் நாட்டில் என்று கிட்டுமோ!

கதையில் ஒரு பசிபிக் தீவு நாடும் வருகின்றது. கடல் உயர்கின்றதென்று அதன் பெயரால் எழும் வழக்கு வெறும் பாசாங்கு எனக் காட்டப்படுகின்றது. தீவில் வாழ்வோர்க்கு இவ்விடம் சற்று உறுத்தவே செய்யும்.

ஊர்காவற்றுறைத் தீவிலுள்ள சுருவிலை எண்ணிப் பாருங்கள். ஆறில்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கனமான உவர் நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின் கீழே சுமார் நாற்பதடி நன்னீர் உண்டு என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தாலோ, கீழிருந்து நாற்பதடிக்கு உவர் ஏறிவிடும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ எட்டங்குலம் உயர்ந்துள்ளது. தாழ்ந்த தீவுக்கு அது சிறிதன்று.

ஆயினும் கிணறு உவர்த்தமைக்குக் கடலை மட்டும் நோவது நீதியா? துலாவால் இறைத்த நாளில் கையின் களைப்பே அளவாயிருந்தது. நீரிறைக்கும் யந்திரத்துக்குக் களைப்பேது? பழி முழுவதையும் வெப்பத்தின்மேற் சுமத்தினால் கிரைட்டன் எள்ளிய குற்றம் நம்முடையதாகும். யந்திரத்தை மட்டும் ஏசிவிட்டுக் கடலை மறந்தால் கிரைட்டனுடைய குற்றமே நம்முடையதாகும்.

ஆவணியில் அப்பக்கம் செல்லும் வாசகர்கள் கடலோரக் கிணறொன்றின் நீரை ஒரு மிடறு பருகிப் பார்த்த பின் அந்நூலைத் திறக்கலாம். கதை விறுவிறுப்பானதே, அதில் எமக்கு ஐயமில்லை.